கடைசி நாள் சேவை: எக்ஸிட் இன்டர்வியூவுக்கு எத்தனை மார்க்?

தானாக வேலையை விடுகிறவரிடம் "ஏன் போகிறீர்கள்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உண்டானதுதான் எக்ஸிட் இன்டர்வியூ. நிறுவனமே போகச் சொன்னவரிடமும் அதே கேள்வித்தாளைத்தான் நீட்டுகிறார்கள். ஓ.எம்.ஆர்., கிண்டி, அம்பத்தூர் பக்கத்து ஐ.டி., பி.பி.ஓ. அலுவலகங்களில் ஆள்குறைப்பு நடக்கும் வாரங்களில், "எங்கள் நிறுவனத்தின் எந்த அம்சம் உங்களை விலகத் தூண்டியது?" என்ற கட்டாயக் கேள்வி திரையில் நிற்க, என்ன அடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் பலர். 2025 ஜூலையில் டி.சி.எஸ். மட்டுமே தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இந்தக் கேள்வித்தாள் இனி யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்.

நிறுவனம் நடத்தும் இந்தச் சேவையையும், அதன் தொடர்ச்சியாக நாம் போய் நிற்க வேண்டிய, பி.எஃப். எனும் வருங்கால வைப்பு நிதியைக் கவனிக்கும் இ.பி.எஃப்.ஓ. போர்ட்டலையும் வேலை இழந்தவர் பக்கம் நின்று எடைபோட்டிருக்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மனக்குறையைக் கொட்டும் இடமாக எக்ஸிட் இன்டர்வியூ மோசம். ஆனால் காகிதங்களை வாங்கும் ஜன்னலாக அதற்கு இணை கிடையாது. சிஸ்டத்தில் உங்கள் பெயரைத் திறந்து திருத்தக்கூடிய ஒரு எச்.ஆர். அதிகாரி, பெயர் சொல்லி, நேரம் ஒதுக்கி, உங்கள் எதிரே உட்காருவது அந்த அரைமணி நேரம்தான். மறுநாளிலிருந்து உங்களுக்கு டிக்கெட் எண் மட்டும்தான்.

உட்காருவதற்கு முன்: அந்த டிராப்டவுன்

இன்டர்வியூவுக்கு முந்தைய படி இன்டர்வியூவைவிட முக்கியம். ஸோகோ பீப்பிள், கெகா, டார்வின்பாக்ஸ், கிரேட்எச்.ஆர். என எந்த எச்.ஆர். மென்பொருளானாலும் விலகல் பகுதி ஏறக்குறைய ஒரே மாதிரிதான். விலகும் வகை, காரணம், கடைசி வேலை நாள், குறிப்பு, சப்மிட். இதில் "விலகும் வகை" என்ற டிராப்டவுனில் ராஜினாமா, பணிநீக்கம், ஒப்பந்த முடிவு என்று நிறுவனம் அமைத்துவைத்ததுதான் வரும். ஊழியர் பக்கத் திரையில் பெரும்பாலும் ராஜினாமா மட்டுமே தெரியும். "நீங்களே போர்ட்டலில் ரிசைன் போட்டுவிடுங்கள், ரெக்கார்ட் சுத்தமாக இருக்கும்" என்று மேலாளர் சொல்லும்போது, அந்த ஒரு சொடுக்கில் என்னென்ன மாறும் என்பதை அறிந்துதான் கையை நகர்த்த வேண்டும்.

ராஜினாமா என்று போட்டால் ஆள்குறைப்பு இழப்பீடு கேட்கும் வழி குறுகிவிடும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை ஆள்குறைப்பு செய்ய ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். அதோடு, மறுபயிற்சி நிதியின் வழியாக 15 நாள் ஊதியம் 45 நாட்களுக்குள் கணக்கில் வர வேண்டும். "நான் என்ஜினீயர், தொழிலாளர் சட்டம் எனக்குப் பொருந்தாது" என்று பலர் தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். மேற்பார்வை வேலை செய்பவர்களுக்குத்தான் 18,000 ரூபாய் என்ற சம்பள வரம்பு. நிர்வாகப் பொறுப்போ மேற்பார்வையோ இல்லாமல் தொழில்நுட்ப வேலை மட்டும் செய்பவருக்கு அந்த வரம்பு இல்லை. விசிட்டிங் கார்டில் இருக்கும் பதவிப் பெயரை வைத்து இது முடிவாவதில்லை, அன்றாடம் செய்த வேலையை வைத்து முடிவாகிறது.

வரியிலும் வேறுபாடு உண்டு. ஐந்து ஆண்டு சேவை முடியுமுன் பி.எஃப். பணத்தை எடுத்தால் அதற்கு வரி. ஆனால் நிறுவனம் தொழிலைச் சுருக்கியதாலோ, ஊழியரின் கைமீறிய வேறு காரணத்தாலோ வேலை முடிந்திருந்தால் அந்த வரி இல்லை என்று வருமான வரிச் சட்டம் சொல்லியிருக்கிறது. இதற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்கும் கடிதம்தான். ஏனென்றால் இ.பி.எஃப்.ஓ. பதிவில் ஆள்குறைப்பு என்று தனி வகை கிடையாது. எல்லாருக்கும் "செஸ்ஸேஷன், ஷார்ட் சர்வீஸ்" என்றுதான் விழும். வீட்டுக்கடனோடு வேலையிழப்புக் காப்பீடு எடுத்தவர்களும் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். தானாக விலகியவருக்கு அதில் பெரும்பாலும் பணம் கிடையாது. ஜாயினிங் போனஸ், பயிற்சி பாண்டு ஆகியவற்றைத் திரும்பப் பிடிக்கும் ஷரத்தும் பொதுவாக ராஜினாமாவுக்கே எழுதப்பட்டிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் "ராஜினாமா" என்பது கேள்வியே எழுப்பாமல் கடந்துபோகும். நல்ல தொகை தருகிறார்கள், பதிலுக்கு ராஜினாமா கேட்கிறார்கள் என்றால் அது ஒரு பேரம். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் கணக்கு. ஏற்பதானால் வரிசை மாறக்கூடாது. முதலில் தொகை, தலைப்புவாரியாக, தேதியோடு, உங்கள் சொந்த மெயிலுக்கு எழுத்தில் வரவேண்டும். பிறகு குறிப்புப் பெட்டியில் "நிறுவனத்தின் மறுசீரமைப்பு காரணமாக, இன்ன தேதி மெயிலில் கூறியபடி" என்று ஒரு வரி. அதன் பிறகுதான் சப்மிட். மேலாளர் அப்ரூவ் செய்ததும் பல சிஸ்டங்களில் அந்த வரியை நீங்கள் தொட முடியாது.

ஆன்லைன் படிவம்: 5-க்கு ஒன்றரை

ஆன்லைன் படிவம், எச்.ஆர். உடன் பேச்சு, வெளி நிறுவனத்தின் அழைப்பு என்ற மூன்று வகைகளில் அதிகம் புழங்குவதும் மிகப் பலவீனமானதும் இதுதான். நட்சத்திரக் குறியிட்ட கட்டாயக் கேள்விகள், ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், நடுநடுவே எழுத்துப் பெட்டிகள். "உங்கள் பதில்கள் ரகசியம்" என்று மேலே எழுதியிருக்கும். ஆனால் உள்ளே நுழைந்தது உங்கள் ஊழியர் எண்ணில். ரகசியம் என்றால் மேலாளருக்கு நேரடியாகப் போகாது என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் யாரென்று தெரியாது என்று நினைக்கக் கூடாது.

படிவத்தை முடிக்காவிட்டால் கிளியரன்ஸ் நகராமல் நிற்கிற சிஸ்டங்கள் உண்டு. அதனால் தவிர்ப்பதைவிடச் சுருக்கமாக முடிப்பதே மேல். காரணம் கேட்கும் இடத்தில் "பிற" என்பதைத் தேர்ந்து, "பணி நிறுவனத்தால் முடிக்கப்பட்டது" என்று எழுதுங்கள். பட்டியலில் "சம்பளம்", "மேற்படிப்பு", "குடும்பக் காரணம்" என்று எளிதான தேர்வுகள் காத்திருக்கும். வேகத்தில் "குடும்பக் காரணம்" என்று தட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்து இழப்பீடு கேட்கப் போகும்போது அந்தப் பதிவே உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். மதிப்பெண் கேட்கும் இடங்களில் மூன்று அல்லது நான்கு போதும். எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டால் கோபத்தில் போட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

திரை பாதியில் காலாவதியாகி எழுதியதெல்லாம் போவது இந்தப் படிவங்களின் தீராத வியாதி. நோட்பேடில் எழுதிவைத்து ஒட்டுங்கள். சப்மிட்டுக்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சொந்த ஆவணங்களான பேஸ்லிப், ஃபார்ம் 16, நியமனக் கடிதம், அப்ரைசல் கடிதங்கள், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை லாகின் இருக்கும்போதே இறக்கிக்கொள்ளுங்கள். ஆள்குறைப்பில் லாகின் மாலை வரை இருக்கும் என்று நம்ப முடியாது, கூட்டம் முடிந்து இருக்கைக்கு வருவதற்குள் போயிருக்கும். அவசரத்தில் புராஜெக்ட் கோப்புகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்புவதுதான் பெரிய தவறு. கசிவைக் கண்காணிக்கும் மென்பொருள் அதை உடனே குறித்துவிடும். இழப்பீடு கொடுத்து அனுப்பவிருந்த நிறுவனத்துக்கு, ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்ல நீங்களே காரணம் எடுத்துக்கொடுத்தது போலாகும்.

எச்.ஆர். உடன் நேரில் அல்லது வீடியோவில்: 5-க்கு மூன்று

இருபது முதல் நாற்பது நிமிடம். எதிரே இருப்பவர் பெரும்பாலும் உங்களை நீக்கும் முடிவை எடுத்தவர் அல்லர். அன்று அவருக்கு இது எத்தனையாவது உரையாடலோ. அவரிடம் சண்டை போட்டு எதுவும் மாறாது. மரியாதையாகக் கேட்டால் நிறைய கிடைக்கும். மூன்று மதிப்பெண்ணும் அதற்காகத்தான்.

செய்தி சொன்ன அதே நாளில் எக்ஸிட் இன்டர்வியூவையும் வைத்தால் தள்ளிவைக்கக் கேளுங்கள். "மேடம், இன்று எதையும் சரியாக யோசிக்கும் நிலையில் இல்லை. நாளை காலை பேசலாமா?" என்றால் மறுப்பவர் குறைவு. இந்த ஒரு நாளில் நியமனக் கடிதத்தின் நோட்டீஸ் ஷரத்தையும் விடுப்பு இருப்பையும் பார்த்துவிடலாம்.

கேள்விகள் எங்கும் ஒன்றுதான். மேலாளர் எப்படி என்று கேட்டால் நடந்ததை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்: "கடைசி இரண்டு காலாண்டில் எனக்கு ஒன் டு ஒன் நடக்கவில்லை." தேதியும் நிகழ்வும் இருந்தால் எழுதிக்கொள்வார்கள், "அவர் சரியில்லை" என்றால் எழுதிக்கொள்வது உங்களைப் பற்றி. அடுத்து எங்கே சேரப்போகிறீர்கள் என்பதற்குப் பதில் சொல்லும் கடமை கிடையாது. "இன்னும் முடிவாகவில்லை" போதும். மீண்டும் இங்கே வேலை செய்வீர்களா என்ற கேள்விக்கு, மனதில் என்ன இருந்தாலும், "பொருத்தமான வாய்ப்பு வந்தால் பரிசீலிப்பேன்" என்று சொல்லிவையுங்கள். மறுபணிக்குத் தகுதி உண்டா இல்லையா என்று சிஸ்டத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனங்கள் கேட்பது வேலை செய்த தேதி, பதவி, விலகிய காரணம், எக்ஸிட் நடைமுறை முடிந்ததா என்பவற்றோடு இந்தக் கட்டத்தையும்தான். உங்கள் உரையாடலுக்குப் பிறகு அதை நிரப்புபவர் எதிரே இருப்பவர். ஆகவே நேராகக் கேட்டுவிடுங்கள்: "என் ரெக்கார்டில் காரணம் என்னவென்று போடுகிறீர்கள்? மறுபணித் தகுதி உண்டு என்று இருக்குமா? சரிபார்க்க யாராவது கேட்டால் எந்த மெயிலுக்கு எழுத வேண்டும்?"

பாலியல் தொல்லை, சாதி சார்ந்த இழிவு போன்ற பெரிய குறை இருந்தால் எக்ஸிட் இன்டர்வியூவில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள். அங்கே சொன்னது புகாராகப் பதிவாவதில்லை. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி, பாலியல் தொல்லைப் புகாரை நிறுவனத்தின் உள்ளகக் குழுவுக்கு எழுத்தில், சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். வேலை போய்விட்டது என்பதற்காக அந்த உரிமை போவதில்லை. தனி மெயில், தனித் தலைப்பு, குழுத் தலைவர் பெயருக்கு.

கையெழுத்து கேட்டால் நிதானம். "படித்தேன், நகல் பெற்றேன்" என்பதற்குப் போடுங்கள். "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்ற வரி கடைசிப் பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கும். கணக்குத் தாளில் ரூபாய் எண்ணிக்கையே நிரம்பாதபோது அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவது வெற்றுக் காசோலையில் போடுவதற்குச் சமம். "கணக்கு வந்ததும் பார்த்துவிட்டுத் தருகிறேன் சார்" என்று தாளை வீட்டுக்குக் கேளுங்கள்.

ரகசியமாக ரெக்கார்ட் செய்ய வேண்டாம். குறிப்பெடுங்கள், அன்று மாலையே சொந்த மெயிலிலிருந்து எச்.ஆர். முகவரிக்கு நாலு வரி அனுப்புங்கள்: "இன்று பேசியதன் சுருக்கம். கடைசி வேலை நாள் இன்ன தேதி. நோட்டீஸ் சம்பளம் முழுமையாகத் தரப்படும், பிடித்தம் இல்லை. ரிலீவிங் லெட்டர் இன்ன தேதிக்குள். பி.எஃப். வெளியேறிய தேதி அடுத்த ரிட்டர்னில் ஏற்றப்படும். ஏதேனும் மாறுபட்டால் தெரிவிக்கவும்." பதில் வராவிட்டாலும் இந்த மெயில் உங்கள் பக்கத்தில் நிற்கும். இதில் கோபமும் வேண்டாம், நன்றியுரையும் வேண்டாம்.

கணக்குத் தாள்

ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் எனும் இறுதிக் கணக்குத் தாளை எச்.ஆர். எதிரே வைத்தே வரிவரியாகப் பாருங்கள். ஊதியத் தொகுப்புச் சட்டப்படி நீக்கம், ஆள்குறைப்பு, ராஜினாமா எதுவானாலும் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். பல நிறுவனங்களின் பாலிசி இன்னும் 30 நாள், 45 நாள் என்றே இருக்கிறது. "புதிய சட்டத்தில் இரண்டு வேலை நாள் என்று இருக்கிறதே, எனக்கு எப்போது வரும்?" என்று கேட்டு, பதிலையும் அந்த மாலை மெயிலில் சேருங்கள்.

கிராஜுவிட்டி எனும் பணிக்கொடைக்கு ஓர் உதாரணம். அடிப்படைச் சம்பளம் 40,000, சேவை 7 வருடம் 8 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் வந்தால் முழு ஆண்டாகக் கணக்கு, ஆக 8 ஆண்டு. 40,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 8-ஆல் பெருக்கினால் 1,84,615 ரூபாய். இதில் 26-க்குப் பதில் 30 போட்டுக் கணக்கிட்டிருந்தால் 1,60,000 என்று வரும். 24,615 ரூபாய் குறையும். புதிய தொகுப்புச் சட்டங்களின்படி, படிகள் (அலவன்ஸ்) மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் இருந்தால் மிகுதி ஊதியத்தோடு சேரும். மொத்தம் ஒரு லட்சம், அடிப்படை 40,000 என்றால் கணக்கின் அடித்தளம் 50,000. நிறுவனம் எதை எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். ஐந்து ஆண்டு முடியவில்லையே என்று விட்டுவிடுவதற்கு முன், ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதுவும் ஓராண்டே என்று மெட்ராஸ் உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொன்னதை நினைவில் வையுங்கள். கிராஜுவிட்டி 30 நாட்களுக்குள் வர வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு.

விடுப்புச் சம்பளத்தில்தான் குளறுபடி அதிகம். 18 நாள் விடுப்பை அடிப்படைச் சம்பளம் வகுத்தல் 30 என்று போட்டால் 24,000; வகுத்தல் 26 என்றால் 27,692. எது சரி என்பது நிறுவனத்தின் பாலிசியைப் பொறுத்தது, ஆனால் பாலிசியில் ஒன்றும் தாளில் வேறொன்றும் இருப்பது அபூர்வமல்ல. தனியார் ஊழியருக்கு வேலை முடியும்போது கிடைக்கும் விடுப்புச் சம்பளத்துக்கு 2023 ஏப்ரல் முதல் 25 லட்சம் வரை, நிபந்தனைகளோடு, வரிவிலக்கு உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து "எக்ஸ் கிரேஷியா" (கருணைத் தொகை) என்று ஒரே வரியில் போட்டுவிட்டால் அந்த விலக்கு கைவிட்டுப்போகும். தலைப்பு பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் பிடித்தம் என்று ஒரு வரி இருந்தால் உடனே விரல் வையுங்கள். போகச் சொன்னது அவர்கள், நோட்டீஸ் காலத்துக்குச் சம்பளம் தர வேண்டியதும் அவர்கள். சிஸ்டத்தில் ராஜினாமா என்று பதிவானதால் மென்பொருள் தானாகவே பிடித்தம் போட்டிருக்கும்; சொன்னால் நீக்குவார்கள், சொல்லாவிட்டால் போய்விடும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவும், ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமலும் அனுப்பக் கூடாது என்கிறது.

லேப்டாப், அடையாள அட்டை, டோக்கன் திருப்பிக் கொடுக்கும்போது சீரியல் எண்ணோடு ரசீது வாங்குங்கள். கூரியரில் அனுப்பினால் பெட்டியை மூடுமுன் படம். குழுக் காப்பீடு என்றைக்கு முடிகிறது என்று கேளுங்கள், பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு சரி. அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால் காத்திருப்புக் காலத்துக்கான பலன் தொடரும். அதற்குப் பாலிசி எண்ணும் சேர்ந்த தேதியும் வேண்டும். வீட்டில் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ள பெற்றோர் அந்தப் பாலிசியில் இருந்தால் இதுவே முதல் வேலை.

மூன்றாம் தரப்பு அழைப்பு: 5-க்கு இரண்டரை

போன பிறகு, சில வாரமோ மாதமோ கழித்து, வெளி நிறுவனம் ஒன்று அழைத்துப் பேசும். பெயர் நீக்கித் தொகுத்துத் தருவோம் என்பார்கள். பெரிய அணியில் அது நடக்கும். ஐந்து பேர் அணியில், "மதுரையிலிருந்து ரிமோட்டில் வேலை செய்த டெஸ்டர்" என்றாலே ஆள் தெரிந்துவிடும். பேசியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்ல மூன்றில் இதுவே தக்க இடம். பணம் கணக்குக்கு வந்து, ரிலீவிங் லெட்டர் கையில் இருக்கும்போது பேசுங்கள். வராமல் இருந்தால், "செட்டில்மென்ட் முடிந்ததும் பேசுகிறேன்" என்று சொல்லுங்கள். அந்தத் தகவல் சில சமயம் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேரும். காகித வேலைக்கு இதனால் பயனில்லை என்பதால் மதிப்பெண் குறைவு.

இ.பி.எஃப்.ஓ. போர்ட்டல்: 5-க்கு மூன்றரை

அரசு இணையதளம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். முன்னாள் நிறுவனத்தின் எச்.ஆர். போர்ட்டலைவிட இது நம்பகமானது. யு.ஏ.என். எனும் உங்கள் நிரந்தர பி.எஃப். எண் உங்களோடு வருகிறது, லாகினை யாரும் பிடுங்க முடியாது.

முதலில் வியூ பகுதியில் சர்வீஸ் ஹிஸ்டரி. சேர்ந்த தேதி, பி.எஃப். வெளியேறிய தேதி, பென்ஷன் வெளியேறிய தேதி மூன்றும் ரிலீவிங் லெட்டரோடு ஒத்துப்போக வேண்டும். வெளியேறிய தேதி காலியாக இருந்தால் முழுத்தொகைக்கான ஃபார்ம் 19, பென்ஷனுக்கான ஃபார்ம் 10-சி இரண்டும் நகராது. நிறுவனம் ஏற்றாவிட்டால் மேனேஜ் பகுதியில் மார்க் எக்ஸிட் என்று உள்ளது. கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் ஆன பிறகு, ஆதாரோடு இணைந்த போனுக்கு வரும் ஓ.டி.பி.யை வைத்து நீங்களே போடலாம். கடைசிச் சந்தா வந்த மாதத்தின் தேதியாக இருக்க வேண்டும். கடிதத்தில் உள்ள நாளைப் பார்த்துப் போடுங்கள், தவறாகப் போட்டால் பிறகு திருத்துவது அலைச்சல். பழைய போன் எண் ஆதாரில் இருப்பவர்கள் ஓ.டி.பி. வராமல் இங்கேதான் மாட்டுகிறார்கள். அதை முதலில் ஆதார் மையத்தில் சரிசெய்யுங்கள்.

எவ்வளவு எடுக்கலாம்? முன்பிருந்த விதி, ஒரு மாதம் வேலையில்லாவிட்டால் 75 சதவீதம், இரண்டு மாதம் ஆனால் முழுத்தொகை. 2025 அக்டோபர் 13 அன்று இ.பி.எஃப்.ஓ.வின் மத்திய அறங்காவலர் குழு வேறு முடிவு எடுத்தது. 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம், பென்ஷன் தொகைக்கு 36 மாதம். குடும்பச் செலவைத் திட்டமிடும்போது முழுத்தொகை இரண்டு மாதத்தில் வரும் என்று பழைய ஆட்கள் சொல்வதை நம்பி எண்ண வேண்டாம். மொத்தச் சேவை ஒன்பது ஆண்டு என்றால் 10-சி போட்டுப் பென்ஷனை எடுத்துவிடுவது நல்ல யோசனை அல்ல. பத்தாண்டு ஆனால் ஓய்வூதிய உரிமை வருகிறது, அதுவரை, செய்த சேவையைப் பதிந்து காக்கும் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

சேவை ஐந்தாண்டுக்குக் குறைவு, தொகை 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் பான் இருந்தால் 10 சதவீதம் வரி பிடித்தம். பழைய நிறுவனத்தின் கணக்கை மாற்றிச் சேர்த்திருந்தால் அந்த வருடங்களும் ஐந்தில் சேரும். ஆள்குறைப்புக் கடிதம் கையில் இருந்தால் வருமான வரி ரிட்டர்னில் திரும்பக் கேட்கலாம்.

எந்த அலுவலகம் என்பதில்தான் அலைச்சல். உங்கள் வீடு தாம்பரத்தில் இருந்தாலும், கணக்கு எண்ணின் தொடக்க எழுத்துகள் எம்.எச்.பி.ஏ.என். என்றால் அது மும்பை பாந்த்ரா அலுவலகம். டி.என்.எம்.ஏ.எஸ். என்றால் சென்னை, ராயப்பேட்டை நெடுஞ்சாலை. தவறான அலுவலகத்தில் வரிசையில் நின்று பயனில்லை. நிறுவனம் சொந்தமாக பி.எஃப். டிரஸ்ட் வைத்திருந்தால் பி.எஃப். தொகைக்கான விண்ணப்பம் அந்த டிரஸ்டுக்கும், பென்ஷன் பகுதிக்கு மட்டும் இ.பி.எஃப்.ஓ.வுக்கும் போகும், "நம்முடையது டிரஸ்டா?" என்ற கேள்வியை எச்.ஆர். எதிரே இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. நின்றுபோன விண்ணப்பத்துக்கு இ.பி.எஃப்.ஐ.ஜி.எம்.எஸ். குறைதீர்ப்புத் தளத்தில் எழுதினால் பதிவு எண் கிடைக்கும். நேரில் போவதென்றாலும் அந்த எண்ணோடு போங்கள். ஒன்றரை மதிப்பெண் குறைத்தது மாதக் கடைசியில் படுத்துவிடும் சர்வருக்கும், ஏற்றுக்கொள்ளவே மறுக்கும் கேப்சாவுக்கும், முழு விவரமுள்ள பாஸ்புக்கைத் தனித் தளத்தில் வைத்திருப்பதற்கும்.

ரிலீவிங் லெட்டரையோ பணத்தையோ நிறுத்திவைத்தால், முதலில் தேதி குறிப்பிட்டு இரண்டு நினைவூட்டு மெயில், பிறகு தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை. நியமனக் கடிதம், கடைசி மூன்று பேஸ்லிப், அந்த மாலை மெயில், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றின் நகல் இரண்டு செட் எடுத்துப் போங்கள்.

ஃபார்ம் 16 மட்டும் பாக்கி. நிதியாண்டு முடிந்த பிறகு ஜூன் 15-க்குள் வர வேண்டியது, உங்கள் அலுவலக மெயிலுக்குப் போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. சிஸ்டத்தில் சொந்த மெயிலும் போன் எண்ணும் மாற்றப்பட்டுவிட்டதா என்று, எழுந்திருக்கும் முன், அவரையே திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.